பொங்கலுக்கு வீடு கழுவ ஆள் கூப்பிடுகிறீர்களா? கேனில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

போகிக்கு எட்டு நாள் இருந்தது. வழக்கமாக மார்கழி பாதியிலேயே பரணில் இருப்பதை இறக்கி, ஒட்டடை அடித்து, நாளுக்கு ஓர் அறையாக நானே முடித்துவிடுவேன். இந்த வருஷம் வலது தோளைத் தூக்க முடியவில்லை. அம்மாவுக்கு 78 வயது. அதனால் திருச்சியில் 'டீப் கிளீனிங்' செய்து தருகிறோம் என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். நடந்ததை முழுசாக எழுதுகிறேன். அடுத்த வாரம் நீங்கள் யாரையாவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போனில் பேசியவர் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 6,500 ரூபாய் சொன்னார். நாலு ஆள், தரை தேய்க்கும் மிஷின், வேக்குவம், ஏணி எல்லாம் அவர்களுடையதே என்றார். முன்பணம் 2,000 ஜிபே பண்ணினேன். பில் கேட்டதும் குரல் மாறியது. "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேரும்கா, எதுக்கு வீணா? நம்ம ஆளுங்கதானே." சரி என்றுவிட்டேன். அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். காலை எட்டு மணி என்றவர்களிடமிருந்து பதினொன்றரைக்கு ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். மிஷினும் இல்லை, ஏணியும் இல்லை. கையில் இரண்டு துடைப்பம், ஒரு பை பிளீச்சிங் பவுடர், பெயர் ஒட்டாத அஞ்சு லிட்டர் கேன் இரண்டு. பழைய துணியும் பக்கெட்டும் நம்மிடமே கேட்டார்கள்.

எங்கள் ஹாலில் மொசைக் தரை. 1984-ல் வீடு கட்டும்போது அப்பா கூடவே நின்று போட்ட தரை. கறுப்பும் பச்சையுமாகப் பளிங்குச் சில்லு, நடுவில் ஒரு பூக்கோலம். நாற்பது வருஷமாக வெறும் தண்ணீரும் ஈரத்துணியும்தான் அதற்கு. காலை வைத்தால் வழவழவென்று குளிர்ந்திருக்கும்.

நான் சமையலறையில் டப்பாக்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏறுகிற நெடி வந்ததும் ஹாலுக்கு ஓடினேன். கேனில் இருந்ததை மக்கில் எடுத்து அப்படியே தரையில் ஊற்றியிருந்தார்கள். தரை முழுக்க நுரை பொங்கிக்கொண்டிருந்தது. "என்ன தம்பி இது?" என்றால், "கிளீனிங் கெமிக்கல்கா. பாருங்க, அழுக்கெல்லாம் எப்படி வெளிய வருது!" என்றான் சின்னவன்.

அது அழுக்கு இல்லை, தரைதான் கரைந்துகொண்டிருந்தது. இதைத் தெளிவாகச் சொல்லவே இவ்வளவு எழுதுகிறேன். கேனில் இருந்தது ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சில்லுகளைப் பிடித்து நிற்கும் சிமென்ட்டும் அமிலம் பட்டால் அரிக்கும். ஆசிட் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியும் நுரை அதுதான். நுரை அதிகமாக வந்தால் கல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றி அலசிக் காய்ந்த பிறகு பார்த்தால், பூக்கோலம் சாம்பல் பூசினதுபோல வெளிறிக் கிடந்தது. அம்மா குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

அதோடு நிறுத்தச் சொன்னேன். ஆனால் இன்னொரு பையன் அதற்குள் பாத்ரூமில் இருந்தான். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டான். ஒரு நிமிஷத்தில் கண் எரிச்சல், தொண்டையைப் பிடிக்கும் நாற்றம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் கீழேயே தங்கிவிடும். பாத்ரூமை ஒட்டித்தான் அம்மாவின் அறை. அம்மா இருமி இருமி மூச்சு விட முடியாமல் திணறினாள். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். அந்தப் பையனும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நெபுலைசர் வைத்தார்கள். சாயங்காலம்தான் அம்மா சாதாரணமாக மூச்சு விட்டாள்.

பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னவனுக்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். கையுறை கிடையாது, செருப்புகூட இல்லாமல் அந்த ஆசிட் தண்ணீரில் நின்றான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "இதையும் அதையும் கலக்கக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கேனைக் கொடுத்து அனுப்பியவர்தான் குற்றவாளி.

அவருக்குப் போன் போட்டால், "பழைய தரைன்னா அப்படித்தான்கா இருக்கும், அடியில இருந்த நிறம் வெளிய வந்திருக்கு" என்றார். மிச்சப் பணம் தராவிட்டால் பையன்களுக்குச் சம்பளம் இல்லை என்று ஸ்பீக்கரில் கத்தினார். அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து இன்னொரு 3,000 அனுப்பினேன். அன்று ராத்திரி தரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். மறுநாள் காலையில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

மொசைக் பாலிஷ் போடுபவரை வரவழைத்துக் காட்டினேன். மேல் பாலிஷ் போய்விட்டது, மிஷின் வைத்துக் கரடுமுரடான கல்லில் ஆரம்பித்து நைஸ் கல் வரை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும் என்றார். ஹால் மட்டும் 280 சதுர அடி, அடிக்கு 30 ரூபாய் வீதம் 8,400. சுவர் ஓரம் கையால் தேய்ப்பதற்குத் தனிக் கூலி. மூன்று நாள் வீடு முழுக்கச் சேறாக இருக்கும். 5,000 கொடுத்து இந்தச் செலவை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

யாரை வீட்டுக்குள் விட்டாலும் கேனைத் திறக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். லேபிள் இல்லாத கேனை வாசலிலேயே நிறுத்துங்கள். "நாங்களே தயார் பண்ற லிக்விட்" என்று சொன்னால் அந்த ஆளே வேண்டாம். மொசைக், மார்பிள், கடப்பாவில் சில வகை, ஆத்தங்குடிக் கல் எதிலுமே ஆசிட் படக் கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் செய்தது, அதன் நிறம் மேலே ஒரு படிவமாகத்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழமும் வினிகரும் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அவையும் அமிலம்தான், மெதுவாக மங்கவைக்கும். இப்படிப்பட்ட தரைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புத் திரவம் போட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம் துடைத்தால் போதும். புதிதாக எதைப் போடுவதானாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் தடவி, அரை மணி நேரம் பாருங்கள். தவறி ஆசிட் கொட்டிவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு, ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, மறுபடி அலசுங்கள்.

பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் ஆசிட் வேண்டாம், கழிவறை கழுவும் திரவமும் வேண்டாம். அந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது அதே அமிலம்தான், அளவு குறைவு, அவ்வளவே. கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று உள்ளே நிற்காதீர்கள். முதலில் ஆட்களை வெளியே கொண்டு வாருங்கள். மூச்சு முட்டினால் 108.

வேலை தெரிந்தவர்களா என்பதை முதல் பத்து நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தெரிந்தவர்கள் மேலேயிருந்து கீழே வருவார்கள். ஒட்டடை, பரண், ஃபேன், ஜன்னல், கடைசியில்தான் தரை. இவர்கள் தரையைக் கழுவிய பிறகு ஒட்டடைக்குச்சி கேட்டார்கள்.

பில் இல்லையே என்று நான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், படங்கள் எல்லாமே ஆதாரம் என்று சொன்னார்கள். அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த 5,000, பாலிஷ் செலவு, ஆஸ்பத்திரி பில் மூன்றையும் கேட்டிருக்கிறேன்.

பாலிஷ்காரருக்குப் பொங்கல் வரை வேலை நெருக்கடி, தை கடைசியில்தான் வருவாராம். வெறுங்காலில் நடந்தால் சொரசொரவென்று உறுத்துகிறது என்று அம்மா சொல்வதால் ஹாலில் பாயை விரித்து வைத்திருக்கிறேன்.