கைத்துப்பாக்கி லைசென்ஸ்: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல நியூயார்க்கில் லைசென்ஸ் கேட்டால், தனிப்பட்ட காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த விதியை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பு முக்கியமானது: பயிற்சியும் பின்னணிச் சோதனையும் கேட்கும் லைசென்ஸ் முறை இருக்கலாம், ஆனால் அளவுக்கு மீறிய காத்திருப்பும் கட்டணமும் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையையே பறிக்குமானால் வழக்கு தொடர இடமுண்டு. அப்படியானால் முறையை எங்கே சீர்படுத்துவது? மாநிலங்கள் ஆளுக்கொரு வழி பிடித்திருக்கின்றன.

காத்திருப்பில் எனக்குப் பிடித்தது இல்லினாய் வழி. விண்ணப்பத்தோடு மின்னணுக் கைரேகை கொடுத்தால் 90 நாள், கொடுக்காவிட்டால் 120 நாள் என்று அரசு முடிவு சொல்லச் சட்டமே கெடு வைக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் கொடுப்பவருக்கு ஒரு மாதம் மிச்சம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நாட்டில் கைரேகைதான் ஆளைச் சட்டென்று பிரித்துக் காட்டும், அதனால் அரசுக்கும் வேலை குறைகிறது. நியூயார்க் சட்டம் ஆறு மாதம் வரை இழுக்க இடம் தருகிறது. நன்னடத்தைக்கு நான்கு பேரின் சாட்சியும் கேட்கிறது. நண்பர்கள் சொல்லும் நல்ல வார்த்தையை வைத்து யாரை வடிகட்ட முடியும்?

கட்டணத்தில் பெரிய விவாதம் தேவையில்லை. டெக்சாஸ் 2017இல் 140 டாலரை 40 ஆக்கியது. நியூயார்க் நகரில் விண்ணப்பத்துக்கு 340 டாலர், கைரேகைக்குத் தனி. ஆபத்தான பகுதியில் இரவு வேலை முடித்துத் திரும்புகிறவருக்கு இது வாசலிலேயே போட்ட பூட்டு.

பின்னணிச் சோதனையில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. புளோரிடாவில் லைசென்ஸ் கொடுப்பது விவசாயத் துறை. அங்கே 2016இலிருந்து ஓராண்டுக்கும் மேலாக, துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவரா என்று பார்க்கும் தேசியத் தரவுத்தளச் சோதனை நடக்கவேயில்லை. பொறுப்பிலிருந்த ஊழியரால் லாகின் செய்ய முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார். லைசென்ஸ்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. பிறகு மறுசோதனை செய்து 291 லைசென்ஸ்களை ரத்து செய்தார்கள். சோதனை முடிவு கணினியில் ஏறாமல் லைசென்ஸ் அச்சாகவே கூடாது என்று வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கைரேகையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அந்த நபர் பின்னாளில் வேறு மாநிலத்தில் கைதானாலும் தகவல் சொல்லும் ‘ராப் பேக்’ சேவை எஃப்பிஐயிடம் இருக்கிறது. எல்லா மாநிலங்களும் அதில் சேர வேண்டும் என்பேன்.

இப்போது பயிற்சி. நியூயார்க் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது. டெக்சாஸில் முதலில் 10 முதல் 15 மணி நேரம் இருந்தது. 2013இல் அதை 4 முதல் 6 ஆகக் குறைத்தார்கள். இப்போது வகுப்பை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம், சுடுவதற்கு மட்டும் நேரில் போக வேண்டும். மணிக்கணக்கைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. எப்போது சுடலாம், எங்கே எடுத்துப் போகக் கூடாது என்ற சட்டத்தை நான்கு மணி நேரத்தில் ஒழுங்காகச் சொல்லிவிட முடியும்.

என் கவலை டெக்சாஸின் சுடும் தேர்வைப் பற்றியது. மொத்தம் 50 குண்டுகள்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. குண்டுக்கு அதிகபட்சம் 5 புள்ளி, மொத்தம் 250, தேற 175. கூட்டிப் பாருங்கள். முதல் நாற்பதையும் நடுவில் சுட்டாலே 200 வந்துவிடும். 15 கஜத்தில், அதாவது 45 அடியில், பத்துக் குண்டும் பலகையைத் தாண்டிப் போனாலும் தேர்ச்சிதான். கடையிலோ பார்க்கிங்கிலோ அப்படித் தவறும் குண்டு பின்னால் நிற்கும் இன்னொருவர் மேல் படும். வகுப்பு நேரத்தைக் கூட்டுவதை விட, ஒவ்வொரு தூரத்துக்கும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வைப்பது எவ்வளவோ மேல். தவறியவருக்குக் கூடுதல் கட்டணமில்லாமல் மறுதேர்வும் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் மாற்றாக ஒரு சாரார் சொல்வது: லைசென்ஸே வேண்டாம். 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். 2023இல் புளோரிடாவும் அதே வழியில் போனது. 2024க்குள் 29 மாநிலங்கள் அப்படி ஆகிவிட்டன. காத்திருப்பு, கட்டணம் என்ற இரண்டு குறையும் இதில் ஒரே வீச்சில் தீர்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த எளிய சுடும் தேர்வும் கூடவே போய்விடுகிறது, முதல்முறை துப்பாக்கி வாங்குகிறவருக்கும் சேர்த்து. டெக்சாஸில் லைசென்ஸ் இன்னும் உண்டு: மற்ற மாநிலங்களில் செல்லுபடியாக வேண்டும், கடையில் வாங்கும்போது தேசியச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பவர்கள் எடுக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதே டெக்சாஸ் சட்டம், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஓர் இலவச ஆன்லைன் பாடத்தைப் பொதுப் பாதுகாப்புத் துறை கொடுக்க வேண்டும் என்கிறது. அதை முடிப்பவருக்குப் பக்கத்துச் சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னால், ஒரு மணி நேரம் இலவசமாகச் சுட ஒரு சீட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். லைசென்ஸைக் கட்டாயமாக்காமலே இதைச் செய்ய முடியும்.