ஊர் மியூசியத்துக்கு வீடு வீடா வசூலா, ஆன்லைன்ல கேக்கவா?

தாமிரபரணிக் கரையில எங்க ஊர்ல சின்னதா ஒரு வரலாற்று மியூசியம் கட்டணும்னு பேசுதோம், பணம் எப்படிச் சேக்கதுன்னு ரெண்டு கட்சியா நிக்காவ, அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்.

தொகை
வீடு வீடா: 50, 100ன்னு வரும், மெதுவாத்தான்.
ஆன்லைன்: சென்னை, துபாய்ல இருக்கவிய ஒரே தடவையில பெருசா போடுவாவ.

கணக்கு
வீடு வீடா: ரசீது புக்கு போதும், ஆனா 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச்சலுகை கிடையாது.
ஆன்லைன்: டிரஸ்ட்டும், குடுக்கவியளுக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரி அனுமதியும் (80ஜின்னு சொல்லுவாவ) முதல்லயே வேணும். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவிய வெளிநாட்டுலருந்து பேங்க் வழியா அனுப்பலாம், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவியகிட்ட எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்ட அனுமதி இல்லாம வாங்கக்கூடாது.

பொருள்
இதுலதான் என் மனசு சாயுது. போன வாரம் ஒரு ஆச்சி 50 ரூபா குடுத்துட்டு, "இருங்கய்யா"ன்னு அரங்குவீட்டுக்குள்ள போயி நெல் அளக்க பித்தளை மரக்கால் ஒண்ணு எடுத்துட்டு வந்தாவ, விளிம்பெல்லாம் தேஞ்சு, அடியில அவிய மாமனார் பேரு வெட்டியிருக்கு. ஜிபேல இது வராது. 1876ல ஆதிச்சநல்லூர்ல ஜாகோர்ங்கற ஜெர்மன்காரர் தோண்டுன பொருள்தான் பெர்லினுக்குப் போயிட்டுது, நம்ம வீட்டுப் பொருளாவது இங்கயே இருக்கட்டும். ஆனா மண்ணுக்குள்ள கிடைச்ச பழைய காசு, நகைன்னா வாங்கிராதிய, 1878 புதையல் சட்டப்படி கலெக்டர்ட்ட சொல்லணும்.

கட்டடம் சீக்கிரம் எழும்பணும்னா ஆன்லைன். உள்ள வைக்கப் பொருளும், தினம் பூட்டைத் தொறக்க ஆளும் வேணும்னா வீடு வீடாத்தான், நான் முதல்ல தெருவுல இறங்குவோம்ங்கேன்.