கோடோவா, யூனிட்டியா?

பகலில் திருப்பூர் பனியன் கம்பெனி, ராத்திரி பழைய லேப்டாப்பில் கேம் உருவாக்கப் பழகுவது என்று இருப்பவருக்கு, கோடோ, யூனிட்டி என்ற இரண்டு கேம் என்ஜின்களில் (கேம் செய்யும் மென்பொருள்) நான் கோடோவைத்தான் சொல்வேன். அதன் டவுன்லோடு எம்பியில் முடிந்துவிடும். இன்ஸ்டால்கூட வேண்டாம், விரித்துத் திறந்தால் போதும். யூனிட்டி ஜிபி கணக்கில் இடம் கேட்கும்.

ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. கோடோவில் ஒரு ஆட்டை ஒரு 'சீன்' ஆக, அதாவது அச்சு மாதிரி, செய்து, அதையே 15 தடவை இறக்கிவிடலாம். புலி தாண்டியதும் அந்த ஆடு ஒரு சிக்னல் (தகவல்) அனுப்பும்படி எழுதி, அதை எண்ணிக்கையோடு இணைத்துவிட்டால், வெட்டுப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கை தானாக ஏறும். யூனிட்டியில் இதே வேலைக்கு 'ப்ரீஃபாப்'. ஆனால் அங்கே நிரல் எழுதுவது சி ஷார்ப் மொழியில். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட், பைத்தான் மொழியின் சாயலில் இருப்பதால் புதியவருக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆட்டைக் கட்டாயம் வெட்ட வேண்டுமா, புலிக்கு விருப்பமா என்பதை எந்த என்ஜினும் சொல்லித்தராது. அதற்குச் சாக்பீஸும் திண்ணையும் போதும்.

காசு விஷயம்: கோடோ எம்ஐடி என்ற இலவச, திறந்த மூல உரிமத்தில் வருகிறது, எவ்வளவு சம்பாதித்தாலும் பங்கு கேட்காது. யூனிட்டியின் பர்சனல் பதிப்பும் இலவசம்தான், வருமான வரம்புக்குள். ஆனால் 2023-இல், செய்த கேம் எத்தனை தடவை இன்ஸ்டால் ஆகிறதோ அந்தக் கணக்குக்குக் கட்டணம் என்று யூனிட்டிக்காரர்கள் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, 2024-இல் கைவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை.

சரி, கோவையிலோ சென்னையிலோ மொபைல் கேம் கம்பெனியில் வேலைதான் குறி என்றால்? அப்போது யோசிக்காமல் யூனிட்டிங்க.