கோடை வெப்பத்தில் 4×5 கறுப்பு வெள்ளை ஃபிலிம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தனித்தனி ஷீட்டாக வரும் பெரிய ஃபிலிமில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது படத்தின் நுணுக்கத்தைப் பற்றித்தான். 4×5 அங்குல ஷீட் ஒன்றின் படப்பரப்பு 35 மி.மீ. ஃபிரேமைவிட ஏறத்தாழ 13 மடங்கு பெரியது என்பதால் அந்தப் பேச்சில் தவறொன்றும் இல்லை. ஆனால் சென்னையில் சில ஆண்டுகளாக இதில் படமெடுத்து, வீட்டுக் குளியலறையிலேயே டெவலப் செய்துவரும் எனக்கு நுணுக்கம் இரண்டாம்பட்சம்தான். ஒவ்வொரு ஷீட்டையும் அதற்குரிய நேரத்தில் தனியாக டெவலப் செய்துகொள்ளலாம் என்ற ஒரே வசதிக்காகத்தான் இத்தனை பாரத்தையும் சுமக்கிறேன்.

என்னிடம் இருப்பது மடக்கக்கூடிய ஒரு மரக் கேமராவும் 150 மி.மீ. லென்ஸும். ஆலப்புழையில் தயாராகி, ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களில் நின்றிருந்த வாகீஸ்வரி கேமராவைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதாக இராது: முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் பிம்பம் விழும் மங்கலான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ், நடுவில் துருத்தி. கோபுரத்தைப் படமெடுக்கும்போது கேமராவை அண்ணாந்து வைக்காமல், பின்பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால், கோபுரத்தின் பக்கக் கோடுகள் அவற்றின் இயல்பான சரிவுக்கு மேல் குறுகாமல் நிற்கும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை கிரவுண்ட் கிளாஸின் வெட்டப்பட்ட மூலைகளே சொல்லிவிடும். லென்ஸின் துவாரத்தை எஃப் 22 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கிவிட்டு, அந்த மூலை வழியாக லென்ஸைப் பார்க்க வேண்டும். துவாரம் முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி வருகிறது, பாதி வெட்டுண்டு தெரிந்தால் நெகட்டிவில் அந்த மூலை ஒளி குறைந்து வெளிறிப் போகும். தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும், அதற்கான அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பக்கத்துக்கு ஒரு ஷீட்டை ஒளி படாமல் வைத்திருக்கும் சட்டமான ஹோல்டரில் ஷீட்டை ஏற்றுவது குளிர்நாட்டாருக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். இங்கே ஒளி புகாத துணிப்பையான சேஞ்சிங் பைக்குள் கையை விட்ட சற்று நேரத்தில் வியர்வை அரும்பிவிடும்; ஈர விரல் ஃபிலிமின் ஒளியுணர் பூச்சான எமல்ஷனில் பட்டால் அந்த ரேகை பிரிண்ட் வரைக்கும் வரும். ஆகவே இரவில், ஜன்னல் அடைத்த அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றுகிறேன். விசிறி கிளப்பும் தூசு ஃபிலிமில் ஒட்டினால் அந்த இடத்தில் ஒளி விழாது. நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகவும் பிரிண்டில் கரும்புள்ளியாகவும் அது நிற்கும். வெள்ளைப் புள்ளியை மை வைத்து மறைத்துவிடலாம், கரும்புள்ளியை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது.

பெரும்பாலும் நான் பயன்படுத்துவது இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ். இருண்ட மண்டபங்களுக்கு இதைவிட விலை குறைந்த ஃபோமாபான் 100 ஒத்துவராது. நீண்ட நேரம் ஒளி கொடுக்கும்போது ஃபிலிமின் உணர்வு குறைவதால் கூடுதல் நேரம் தேவைப்படும்: லைட் மீட்டர் 10 விநாடி என்று காட்டினால் எஃப்பி4க்கு 18 விநாடி கொடுத்தால் போதும். ஃபோமாபானுக்கு அதன் தயாரிப்பாளர் அட்டவணைப்படியே 80 விநாடி ஆகிவிடும். வெளிச்சத்தில் எடுக்கும் படங்களுக்கு ஃபோமாபானில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

இந்த ஊரில் உண்மையான சோதனை டெவலப் செய்வதில்தான் இருக்கிறது. எஃப்பி4ஐ டி-76 என்ற டெவலப்பரின் தண்ணீர் சேர்க்காத மூலக்கரைசலில் 20 டிகிரி செல்சியஸில் எட்டரை நிமிடம் டெவலப் செய்ய வேண்டும். வெப்பம் ஏற ஏற அந்த நேரம் குறுகி, 30 டிகிரியை நெருங்கும்போது ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் ஷீட் முழுவதும் சீராகப் பரவாது. வானம் போன்ற வெறும் பரப்பில் திட்டுத் திட்டாகத் தெரியும். எனவே ஒரு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, 24 டிகிரியில் ஏறத்தாழ 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மே மாதத்தில் அந்த 24 டிகிரிக்குக் கொண்டுவர, டெவலப்பர், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டில்களோடு பனிக்கட்டி மிதக்கும் வாளியில் நிறுத்துகிறேன். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீரில் அலசினால் எமல்ஷன் ஊதி மென்மையாகி, நகம் பட்டாலே கீறிக்கொள்ளும்.

நான்கு ஷீட் கொள்ளும், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கரைசல் பிடிக்கும் சிறிய டெவலப்பிங் தொட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிடத் தேவையில்லை. தண்ணீரை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மீண்டும் நிரப்பி 10 முறை, பிறகு 20 முறை என்ற இல்ஃபோர்ட் முறையே போதும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகளில் இதன் அருமை புரியும். கடைசியாக முக்கி எடுப்பது மட்டும் ஈரமூட்டி சில துளி சேர்த்த டிஸ்டில்டு வாட்டரில்தான். போர் தண்ணீரானால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன வசதிக்கு ஒரு நடைமுறை உதாரணம் தருகிறேன். தூண்கள் நிறைந்த மண்டபத்தின் உள்ளிருந்து வெயில் காயும் பிரகாரத்தைப் பார்த்துக் கேமராவை வைக்கிறேன். விவரம் தெரிய வேண்டிய நிழலை மீட்டர் காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளிக்கு) குறைத்து வைத்தால், வெளியே உள்ள தரை அளவு மீறி வெளுத்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. நிழலுக்கேற்ப ஒளியைக் கொடுத்து, வெளிச்சப் பகுதிக்கேற்ப டெவலப் நேரத்தை மாற்றும் ஸோன் முறை, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்தது, இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஹோல்டரின் இரு பக்கத்திலும் ஒரே படத்தை ஒரே அளவில் எடுத்துவிட்டு, முதல் ஷீட்டை 8 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம் டெவலப் செய்கிறேன். தரையின் கல் வரிகள் நெகட்டிவில் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது ஷீட்டின் நேரத்தை முடிவு செய்வேன். ரோல் ஃபிலிமில் ஒரு படத்துக்காக நேரத்தைக் குறைத்தால், அதே சுருளில் உள்ள மற்ற எல்லாப் படங்களும் மங்கலாகிவிடும்.

செலவைக் கண்டு தயங்குபவர்கள் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பழகிப் பார்க்கலாம். (உதகையில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், கறுப்பு வெள்ளை ஃபிலிமோடு எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்த நிறுவனம்.) பச்சைக்கும் நீலத்துக்கும் மட்டும் உணர்வுள்ள வகையைச் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம். பெரும்பாலானவற்றில் இருபுறமும் எமல்ஷன் இருப்பதால் ஈரத்தில் எளிதில் கீறல் விழும். சிவப்பு இதற்குக் கண்ணில் படாது. நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாகும், உதடு கறுக்கும், மாநிறம் நாம் பார்ப்பதைவிட ஓரிரு படி இருண்டுவிடும். முகங்களுக்கு ஆகாத இந்த ஃபிலிம் கருங்கல் சிற்பத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதால், ஒரு பெட்டி எப்போதும் வைத்திருக்கிறேன்.