இன்சுலின் பேனாவா, குப்பியும் சிரிஞ்சுமா? இரண்டையும் வைத்திருந்த வீட்டிலிருந்து ஓர் அலசல்

திருமங்கலத்தில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 4 ஆண்டுகள் குப்பியும் சிரிஞ்சும், கடந்த 2 ஆண்டுகளாகக் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்து நிரப்பிய சிறு குழாய், மாற்றிப் போடும் பேனா. ஒரே வீட்டில், ஒரே ஆளுக்கு, அதே 30/70 கலவை இன்சுலினை (30 பங்கு விரைவாகவும் 70 பங்கு மெதுவாகவும் வேலை செய்வது) இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். என் மனம் பேனாவின் பக்கம்தான் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பேனா சட்டைப் பையில் அடங்கும். அதன் ஊசி 4 மி.மீ. நீளமே என்பதால் வலி குறைவு. சித்திரைத் திருவிழாவுக்குச் சிம்மக்கல்லில் உள்ள அத்தை வீட்டில் மூன்று நாள் தங்கியபோது அம்மாவின் கைப்பையில் அதுவும் ஒரு மூலையில் இருந்தது, அவ்வளவுதான். முதல் இன்சுலின் பேனா 1985-இல் டென்மார்க்கிலிருந்து விற்பனைக்கு வந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் பலர் குப்பியில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு விலையே முதற்காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வலியும் வசதியும் அல்ல, அளவு. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட் செறிவுள்ளது, பேனாவின் கார்ட்ரிட்ஜில் வருவது மி.லி.க்கு 100 யூனிட். இதற்கேற்பச் சிரிஞ்சிலும் இரண்டு வகை உண்டு. 40-க்கு உரியதன் ஊசி மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. மருந்தும் சிரிஞ்சும் தனித்தனியாக விற்கப்படுவதால், இரண்டையும் சரியாகப் பொருத்தும் பொறுப்பு முழுவதும் வீட்டில் ஊசி போடுபவர் தலையில் விழுகிறது.

எங்கள் வீட்டில் அந்தப் பொருத்தம் ஒரு முறை தவறியது. வழக்கமான மருந்துக் கடை மூடியிருந்த ஒரு மாலையில் வேறொரு கடையில் 'இன்சுலின் சிரிஞ்சு' என்று கேட்டேன். ஆரஞ்சு மூடி போட்ட பொட்டலத்தைக் கொடுத்தார்கள். நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன். அம்மாவுக்குக் காலையில் 16 யூனிட், இரவில் 10 யூனிட். 100-க்கான சிரிஞ்சில் 16 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.16 மி.லி. 40 செறிவுள்ள மருந்தில் அது வெறும் 6.4 யூனிட், இரவில் 10 என்று போட்டது உண்மையில் 4 யூனிட். நான்கு நாட்களில் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. அம்மா இரவெல்லாம் தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிக்க எழுவதுமாக இருந்தார். அது மாம்பழக் காலம் என்பதால், எங்களுக்குத் தெரியாமல் பழம் சாப்பிடுகிறார் என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். மருத்துவரிடம் போனபோது அங்கிருந்த செவிலியர் பையைத் திறந்து மூடியின் நிறத்தைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். "நான்தான் பழத்தைத் தொடவே இல்லைன்னு சொன்னேனேப்பா" என்றார் அம்மா. இன்று வரை அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

இதே தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தால் விளைவு இன்னும் கொடியது. 100 செறிவுள்ள மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 16 கோடு வரை இழுத்தால் வருவது 0.4 மி.லி., அதாவது 40 யூனிட். அம்மாவின் வயதில் அது சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும். ஆகவே பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்து உறிஞ்சுவதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது.

பேனாவில் இந்தக் கணக்கே எழுவதில்லை. மருந்தையும் அதைச் செலுத்தும் கருவியையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்திருப்பதால், பேனாவின் பின்முனையில் உள்ள குமிழைத் திருகும்போது அதன் சிறு சாளரத்தில் தெரிவது நேரடியாக யூனிட்தான். மருந்து நிரப்பியே வரும் பேனாவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்தும் கருவியும் சேர்ந்த கூட்டுப் பொருளாகவே வகைப்படுத்துகிறது. இத்தகைய ஊசிக் கருவிகள் சொன்ன அளவைச் சரியாகச் செலுத்துகின்றனவா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 11608 என்ற தர நெறியும் உண்டு. குப்பியிலிருந்து மாறும்போது மருத்துவர் சொன்ன யூனிட் மாறுவதில்லை, உள்ளே போகும் திரவத்தின் அளவுதான் குறைகிறது. ஒரு கண்ணில் மட்டும் புரை நீக்கிய அம்மாவால் சிரிஞ்சின் மெல்லிய கோடுகளை ஒருநாளும் படிக்க முடிந்ததில்லை. இப்போது சாளரத்தின் எண்ணை அவரே படிக்கிறார், ஒவ்வொரு யூனிட்டுக்கும் கேட்கும் 'டக்' என்ற சத்தம் அவருக்குத் துணை. சத்தத்தை மட்டும் எண்ணி அளவு வைக்கக் கூடாது, எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

பேனாவுக்கும் சில கட்டாயங்கள் உண்டு. கலவை இன்சுலின் கலங்கலாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் பேனாவை உள்ளங்கையில் 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். புது ஊசி மாட்டி 2 யூனிட்டை வெளியே விட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழை அழுத்திய பின் 10 வரை எண்ணிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றும் புகும். இவற்றைப் பழக அம்மாவுக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

செலவில் குப்பியே வெல்கிறது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. குப்பி 10 மி.லி., 400 யூனிட். கார்ட்ரிட்ஜ் 3 மி.லி., 300 யூனிட். சொட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே எங்களுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் போவதால், 10 நாளில் தீரும் ஒரு கார்ட்ரிட்ஜில் 40 யூனிட் வீண். ஊசிக்குத் தனிச் செலவு. ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் அதற்குரிய பேனாவில்தான் பொருந்தும் என்பதால், ஊர்க் கடையில் அது தீர்ந்துவிட்டால் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும். உசிலம்பட்டியில் இருக்கும் பெரியப்பா அரசு மருத்துவமனையில் குப்பியை இலவசமாக வாங்குகிறார். கண் தெளிவாக இருக்கிறது, சிவப்பு மூடியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அவரிடம் பேனாவுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெயில் விஷயத்தில் இரண்டும் ஒன்றே. திறக்காதது குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனதைத் தூக்கிப் போட வேண்டும். பயன்பாட்டில் இருப்பதைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைத்து 28 நாளுக்குள் தீர்க்கச் சொல்கிறார்கள், ஆனால் மே மாதத்து மதுரையில் அறைக்குள்ளேயே 30-ஐத் தாண்டிவிடும். பெரியப்பா வீட்டில் குளிர்பெட்டி கிடையாது. மானாமதுரைப் பானையில் ஈர மணல் நிரப்பி, அதன்மேல் ஒரு சிறு பானை வைத்து, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் குப்பியை வைத்திருக்கிறார். அறையில் 37 டிகிரி இருந்த ஒரு மதியம் அந்தச் சிறு பானைக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 28 காட்டியது. அன்று முதல் அம்மாவின் பேனாவுக்கும் அதே ஏற்பாடுதான்.

மருந்து தீர்ந்ததும் எறிந்துவிடும் பேனாவை நாங்கள் பயன்படுத்தியது ஒரே ஒரு மாதம்தான். கார்ட்ரிட்ஜ் மாற்றும் வேலை இல்லை என்பது தனியே வாழும் முதியவர்களுக்கு நல்லது என்று தோன்றியது, அதற்கு மேல் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. குழந்தைகளுக்கு எது ஏற்றது என்பதிலும் எனக்கு அனுபவமில்லை, அதை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பேனா பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் விடை, குளிர்பெட்டியின் நடுத்தட்டில் அதே 30/70 கலவையில் ஒரு குப்பி. அதோடு ஐந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளை ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, '40, சிவப்பு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமிழ் இறுகிப்போனபோது அந்தக் கட்டைப் பிரித்தோம், 16 கோடு வரை நான் இழுத்ததை அம்மா இரண்டு முறை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.