கயோலினா, பென்டோனைட்டா: பெக்டினேஸை எதில் ஏற்றுவது?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா ரக மாங்கூழிலிருந்து தெளிந்த சாறு எடுக்க, பழத்திலுள்ள பசைப் பொருளான பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதி வேண்டும். கரைசலாக ஊற்றினால் அது சாறோடு போய்விடும். கயோலின், பென்டோனைட் போன்ற களிமண்ணில் ஏற்றினால் மறுபடியும் பயன்படுத்தலாம். விலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, இரண்டு மண்ணுமே மலிவு.

பென்டோனைட் நிறையப் பிடிக்கும். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமத்தின் அயனி மாற்றுத்திறன் (மின்னேற்றமுள்ள துகள்களைப் பிடித்துவைக்கும் அளவு) 100 கிராமுக்கு 80–120 மில்லிசமானம், கயோலினுக்கு 3–15தான். ஆனால் பிடித்ததெல்லாம் வேலை செய்யாது. பெக்டின் நீளமான சங்கிலி. மண்ணின் மெல்லிய அடுக்குகளின் இடுக்கில் மாட்டிய நொதியை அது எட்டாது.

என் தேர்வு கயோலின். காரணம், பிரித்தெடுக்கும் வசதி. பென்டோனைட் நீரில் ஊறி வழவழவென்று உப்பும். வடிதாளை அடைக்கும், குழாயில் நிரப்பினால் சாறு இறங்காது. சாற்றிலுள்ள புரதத்தையும் இழுத்துக்கொள்ளும் (பழச்சாற்றைத் தெளியவைக்க அதைப் போடுவதே இதற்காகத்தான்). ஒவ்வொரு சுற்றிலும் மண்ணில் ஒரு பங்கு கைநழுவினால், மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கயோலின் உப்பாது, நிமிடத்துக்கு 4000 சுற்றில் 10 நிமிடம் சுழற்றினால் அடியில் இறுகிப் படியும்.

கயோலினின் குறை, சும்மா ஒட்டிய நொதியைச் சீக்கிரம் விட்டுவிடுவது. அதனால் வேதிப் பிணைப்பு தேவை. கழுவி 105 டிகிரியில் உலர்த்திய கயோலினை 2% அமினோபுரொப்பில் ட்ரைஎத்தாக்சிசிலேனில் (மண்ணின் மேல் அமின் தொகுதிகளை ஒட்டும் சிலேன்) ஊறவைத்துக் கழுவி உலர்த்துங்கள். பிறகு அந்த அமினையும் நொதியையும் இணைக்கும் 2.5% குளுட்டரால்டிஹைடில் 2 மணி நேரம். வெள்ளை மண் இளஞ்சிவப்பாக மாறினால் பிணைப்பு ஏறியிருக்கிறது. மாறாவிட்டால் சிலேன் படியவில்லை, நொதியை வீணாக்காதீர்கள். மிச்ச குளுட்டரால்டிஹைடு போகும்வரை நன்றாகக் கழுவிவிட்டு, பி.ஹெச். 5 அசிட்டேட் தாங்கலில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) நொதி சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க மெல்லக் குலுக்குங்கள். டிரிஸ் தாங்கல் வேண்டாம். அதன் அமின் குளுட்டரால்டிஹைடைப் பிடித்துக்கொள்ளும்.

நொதி ஏற்றிக் கழுவிய மண்ணைத் தாங்கலில் ஒரு மணி நேரம் வைத்து, மேல்நீரை மட்டும் பெக்டினில் சேர்த்து டி.என்.எஸ். முறையில் (பெக்டின் உடைந்து வரும் சர்க்கரையை நிறத்தால் அளப்பது) 540 நானோமீட்டரில் பாருங்கள். நிறம் வந்தால் நொதி இன்னும் கசிகிறது.

இதெல்லாம் குடுவை அளவுக்கான கணக்கு; ஆலைத் தொட்டிக்கு அப்படியே பெருக்கிவிடக் கூடாது. நார் நீக்கிய சாற்றில் மட்டும் போடுங்கள். கூழில் போட்டால் நாரோடு மண்ணும் சேர்ந்து படியும். பிறகு பிரிக்க முடியாது.