சிவப்பு ‘ஃப்ரஜைல்’ டேப்: சங்கு, தேன் அனுப்புகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

வெள்ளை டேப், அதில் சிவப்பு எழுத்தில் ‘ஃப்ரஜைல்’ (எளிதில் உடையும்), பக்கத்தில் ஒரு கிளாஸ் படம். கன்னியாகுமரியிலிருந்து சங்கும் சிப்பி விளக்கும், மார்த்தாண்டத்திலிருந்து தேன் பாட்டிலும் அனுப்புகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். எச்சரிக்கைக்கு நல்ல பொருள். ஆனால் பெட்டியின் வாயை இதை மட்டும் நம்பி மூடாதீர்கள்.

வாங்கும்போது டேப்பின் தடிமனை, அதாவது எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். 48 மி.மீ. அகலம் பெரும்பாலான ரோல்களில் இருக்கும். மெல்லிசு ரோல் இழுக்கும்போதே நீளவாக்கில் கிழியும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. அட்டை ஈரம் குடித்திருந்தால் டேப் மேல்தாளோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, டேப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அழுத்தினால்தான் பசை பிடிக்கும். முதலில் பிரவுன் டேப்பால் நடு இணைப்பிலும் இரு ஓர இணைப்புகளிலும் ஒட்டுங்கள். பக்கச்சுவரில் மூன்று விரல் அளவு இறங்கட்டும். சிவப்பு டேப் அதற்கு மேல்.

அச்சிட்டிருக்கும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. லத்தீனில் ‘ஃப்ராங்கெரே’ என்றால் உடைப்பது. அதிலிருந்து ‘ஃப்ராகிலிஸ்’, எளிதில் உடைவது. எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்லும் ஃப்ராக்சர், கணக்கில் வரும் ஃப்ராக்‌ஷன் எல்லாம் அதே வேர். தளர்ந்த உடம்பைக் குறிக்கும் ‘ஃப்ரெய்ல்’ அதே லத்தீன் சொல்தான், பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து முன்னதாகவே ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃப்ரஜைல்’ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவத்தில் எளிதில் விழும் மனிதர்களைத்தான் குறித்தது. பண்டங்களுக்கு வந்தது 1600 வாக்கில். ஆக, பொருள் உடையும் என்பதை மட்டும் அது சொல்கிறது. பெட்டியை எப்படித் தூக்க வேண்டும், மேலே என்ன வைக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. அதனால் மார்க்கரில் ‘கண்ணாடி, மேலே பாரம் வைக்காதீங்க’ என்று எழுதுங்கள். கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் தமிழும் உதவாது, படம்தான் பேசும். பார்சல் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 780 விதிப்படி கிளாஸ் குறி நான்கு பக்கமும் இடது மேல் மூலையில் வர வேண்டும். நடுவில் ஒரு சுற்று சுற்றி விடுவதைவிட இது மேல். எந்தப் பக்கம் வெளியே தெரிந்தாலும் கண்ணில் படும். தேன் பாட்டிலுக்கு மேல்நோக்கிய இரட்டை அம்புக்குறியும் தேவை. சாய்ந்து கிடந்தால் மூடி வழியே கசியும்.

உள்ளே செய்யும் வேலைதான் பொருளைக் காப்பாற்றும். சங்கில் முதலில் போவது வாயின் விளிம்பும் நுனியும். வாய்க்குள் வெள்ளைத்தாளைக் கசக்கி அடைத்து, நுனிக்குத் தனியாகச் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளைச் சங்கில் ஒட்டும். சிப்பி விளக்கு பசை போட்ட இடத்தில்தான் விடும், அதனால் தொங்கும் பாகங்கள் ஆடாமல் கட்டி வையுங்கள். பபிள் ஷீட் இரண்டு சுற்று, குமிழ் உள்பக்கம். பொருளுக்கும் அட்டைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு. பெட்டி ஐந்து பிளை, அதாவது ஐந்து அடுக்குத் தாள் கொண்ட அட்டை. மூடும் முன் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் இன்னும் தாள் வையுங்கள்.

தினமும் பார்சல் போடும் கடைகளுக்கு இந்த ரோல் ஏற்றது. எப்போதாவது அனுப்புகிற வீடுகளுக்கு கிளாஸ் படம் போட்ட ஸ்டிக்கர் நாலு போதும். மிச்சக் காசுக்கு பபிள் ஷீட் வாங்குங்கள்.